பட்டியலில் வராத பாட்டு

வில்மாரும் நானும் பிரிந்தபோது
வக்கீல் எல்லாவற்றையும் ஒரே தாளில் அடக்கிவிட்டார்.
வீடு எனக்கு, கார் அவனுக்கு.
நாய் மாதத்தில் பாதி அங்கே, பாதி இங்கே.
மாத்தே குடிக்கும் குடுக்கை இரண்டு இருந்ததால்
அதில் சண்டை இல்லை.

பாட்டுகளைப் பற்றி யாரும் கேட்கவில்லை.
நான்தான் கேட்டேன்.
அடுக்களை மேசையில் உட்கார்ந்து
மின்கட்டண ரசீதின் பின்பக்கம் எழுதினோம்.

கோலோனியா போகும் வழியில் பஸ் படுத்துவிட
ஓட்டுநரின் ரேடியோவில்
மூன்று மணி நேரத்தில் நாலு முறை வந்த மிலோங்கா.
நீ தூங்கிக்கொண்டிருந்தாய் என்றான்.
உன் தோளில்தானே என்றேன்.
தோள் என்னுடையது, பாட்டும் என்னுடையது.
சரி, எழுதிக்கொள்.

பாரியோ சூரில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்
தெருவோரம் தீ மூட்டி
முரசுத் தோலைச் சூடேற்றிக் கிளம்புவார்களே,
அது பாட்டா, வெறும் தாளமா என்று
அரை மணி நேரம் வாதாடினோம்.
கடைசியில் பொதுச்சொத்து என்று விட்டுவிட்டோம்.

அவன் தம்பி நெல்ஸன்
வேலை தேடி பார்சிலோனாவுக்கு விமானம் ஏறிய வருடம்
எல்லா டாக்ஸியிலும் ஒலித்த போலேரோவை
நான் பட்டியலுக்கே கொண்டுவந்திருக்கக் கூடாது.
பேனாவை மூடிவைத்துவிட்டு
ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒப்பந்தம் எளிமையானது.
உன் பாட்டு வந்தால் நான் அணைப்பேன்,
என் பாட்டு வந்தால் நீ.
ஐம்பத்துமூன்று வயதில் இது சிறுபிள்ளைத்தனம்தான்.
ஆனாலும் நான் மீறியதில்லை.
சூப்பர்மார்க்கெட்டில் மிலோங்கா தொடங்கியதும்
பாதி நிறைந்த கூடையை அப்படியே வைத்துவிட்டு
வெளியே போய்க் குளிரில் நின்றேன்.
காவலாளி என் பையைச் சோதித்தான்.

பிறகு ஆகஸ்டு இருபத்துநாலு வந்தது.
மான்டிவிடியோவில் அந்த ஓர் இரவைப்
பழைய பாட்டுகளுக்கென்றே நேர்ந்துவிட்டிருக்கிறோம்.
மூட்டுவலிக்காரர்கள்கூட ஆடப் போவார்கள்,
பொத்தான் எட்டாத கோட்டைப் போட்டுக்கொண்டு.
சுலேமா கூப்பிட்டாள்.
பல்வலி என்றேன்.
பல்செட் செய்து பிழைக்கிறவள்
சொல்லக் கூடாத பொய்.

ரேடியோவைப் போட்டுவிட்டுப்
பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.
அவன் பாட்டு ஒன்று வந்தது, அணைத்தேன்.
மூன்று நிமிஷம் எண்ணித் திரும்பப் போட்டேன்.
என் பாட்டு ஒன்று வந்தது.
வழக்காடி வாங்கிய பாட்டு.
முழுக்கக் கேட்டேன்.
ஒன்றுமே ஆகவில்லை.

இரண்டு பாட்டுக்கு நடுவே
வேடிக்கைக்காக ஒரு பழைய விளம்பரம் போட்டான்.
மெத்தைக் கடை. மூடி இருபது வருஷம் இருக்கும்.
முதுகு நன்றி சொல்லுமாம்,
தலையணை தாலாட்டுமாம்,
கடைசியில் கடையின் தொலைபேசி எண்ணை
கோஷ்டியாகப் பாடுவார்கள்.
அத்தனை கேவலமான மெட்டு
வேறு எதற்கும் அமைந்ததில்லை.

கை ஸ்பாஞ்சோடு நின்றுவிட்டது.

குடல்வால் வெடித்து
என்னைச் சக்கரக்கட்டிலில் தள்ளிப் போன இரவு
வில்மார் கூடவே ஓடிவந்தான்.
ஜெபம் ஒன்றும் தெரியாது அவனுக்கு.
வாயில் வந்தது அந்த மெத்தைதான்.
நடைபாதை முழுக்க, செருப்பு ஒன்று கழன்று,
சத்தமாகப் பாடிக்கொண்டே வந்தான்.
உள்ளே,
பத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள் என்றார்கள்.
நான் கடையின் எண்ணைச் சொன்னேன்.
நர்ஸ் சிரித்ததுதான் கடைசியாகக் கேட்டது.

இதை நாங்கள் பங்கு வைக்கவில்லை.
பாட்டு என்றே தோன்றவில்லை.

ஏழு இலக்கம்.
அறிவிப்பாளன் அவசரக்காரன், ஆறோடு வெட்டிவிட்டான்.
நானும் பாடிப் பார்த்தேன்.
ஆறு வரைக்கும் வழுக்கிக்கொண்டு போகிறது,
ஏழாவது வரவில்லை.
அன்றைக்கும் அங்கேதான் மயங்கியிருப்பேன் போல.

ரசீதைத் தேடி எடுத்து
முன்பக்கமும் பின்பக்கமும் பார்த்தேன்.
தடை ஒன்றும் எழுதியில்லை.

மணி இரண்டேகால்.
ஆடப் போயிருந்தால் எடுக்கமாட்டான்.
முதல் மணியிலேயே எடுத்தான்.
ஹலோ சொல்லவில்லை,
யார் என்று கேட்கவில்லை.
"நாலு" என்றான்.