பத்துக்கு எவ்வளவு

முசாஃபா முகாம், அறை இருபத்தியொன்று.
கடைசிப் பக்கத்தில் பென்சிலால் மதிப்பெண்.

"பத்துக்கு நாலு.
மழை மட்டும் நாற்பது பக்கம்" என்று
கிரேன் ஓட்டும் லூர்து.
அதன் கீழே,
சாரம் கட்டும் சீனி ராவுத்தர்:
"அந்த மழைக்குத்தான் எட்டு."
ஆகஸ்டில் படித்திருப்பார்.

நான் இரண்டு போட்டேன்.
நாயகன் ஊர் திரும்புகிறான்,
கடன் ஒரே வரியில் தீர்கிறது.
யார் காதில் பூச்சுற்றுகிறார்கள்?

இரவுப்பணி முடிந்து வந்த வேலப்பன்
கட்டிலை உலுக்கினார்.
"ரெண்டா? நீ படிச்சது கதையையா,
உன் பாஸ்புக்கையா?"

கம்பெனி பஸ்ஸில் மறுபடி திறந்தேன்.
அந்த ஒற்றை வரியின் அடியில்
யாரோ நகத்தால் கீறியிருந்தார்கள்,
தாள் கிழியுமளவு.

இரண்டை அழிக்கவில்லை.
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.