குறையில்லை

பத்துக்கு மேல் தயங்கி ஏறும்.
பதினோராயிரத்து இருநூறு வோல்ட்டில்
ஒரு "டப்". பிறகு சிவப்பு விளக்கு.
ஒரு வாரமாக இதே கதை.

கிரைஃப்ஸ்வால்டில் அக்டோபர்.
ரிக் ஆற்றிலிருந்து ஏறிய மூடுபனி
எங்கள் நிலவறைக் கூடத்தின் சன்னலை முகர்ந்துகொண்டு நிற்கிறது.
கண்ணாடிக் குழாய்க்குள் ஆர்கான்,
ஊதாவாக ஒருமுறை எரிந்து காட்டக் காத்திருக்கிறது.
விடமாட்டேன் என்கிறது பெட்டி.

டயோடு அடுக்கை மாற்றினேன். இல்லை.
மின்மாற்றியின் எண்ணெயை வடித்துப்
புது எண்ணெய் ஊற்றினான் ஹெய்கோ. இல்லை.
கேபிளைச் சந்தேகப்பட்டோம். கேபிள் உத்தமன்.
மீட்டரையே சந்தேகப்பட்டோம்;
அது ரோஷப்பட்டு
இன்னும் துல்லியமாகக் காட்டியது.

ஒவ்வொரு முறையும்
சுவிட்சை அணைத்து, சாவியைப் பையில் போட்டு,
தரைக்கம்பி கட்டிய நீளக் கோலால்
மின்தேக்கியைத் தொடவேண்டும்.
ஒருமுறை தொட்டால் போதாது.
செத்ததாய் நடித்துவிட்டு
இரண்டு நிமிடத்தில் கொஞ்சம் எழுந்துகொள்ளும்,
சமாதானமான பின்னும்
பழசை ஆரம்பிக்கும் ஆளைப் போல.
கோலை அதன் மேலேயே சாத்தி வைப்பேன்.
இடக்கை எப்போதும் பைக்குள்.
இந்தப் பழக்கத்தில்
வீட்டில் குக்கர் மூடியைக்கூட
ஒற்றைக் கையால் திறக்கப் பார்க்கிறேன்.

நேற்று வெயில். நேற்று பதினைந்து வரை ஏறியது.
"தானே சரியாகிவிட்டது" என்றான் ஹெய்கோ.
தானே சரியானது தானே கெடும் என்றேன்.
இன்று பனி. இன்று "டப்".

ஆக, ஈரம்.

விளக்குகளை அணைத்தோம்.
இருட்டு கண்ணுக்குப் பழகப் பத்து நிமிடம்.
கூண்டுக்கு வெளியே நின்று குமிழைத் திருப்பி
எண்ணை மட்டும் வாசிக்கிறான்: எட்டு. ஒன்பது.
முதலில் வாசனை,
இடி விழுந்த பின் காற்றில் வருமே, அந்தக் கூர்மை.
பிறகு சீறல்,
காயும் எண்ணெயில் சொட்டு நீர் விழுந்தாற்போல.
பத்து.
அங்கே, வெள்ளைப் பீங்கான் தாங்கியின் இடுப்பில்
நகக்கண் அளவு ஊதா
ஒரு வட்டத்தின் விளிம்பில் ஓடிக்கொண்டிருந்தது.
அழகாகத்தான் இருந்தது.
இடம்தான் தப்பு.

விளக்கு. சாவி. கோல். காத்திருப்பு. மறுபடி கோல்.
டார்ச்சோடு குனிந்தால்
ஒரு ஒட்டுத்தாள்.
வெள்ளிப் பூச்சு, வட்ட வடிவம்,
ஓரமெல்லாம் பனி குடித்து உப்பி,
அதிலிருந்து கீழ்நோக்கி முடியளவு கரிக்கோடு.
"சோதிக்கப்பட்டது. குறையில்லை.
அடுத்த சோதனை: மார்ச்."
கீழே பேனாவில் இரண்டெழுத்து.

யாருடையது என்று ஹெய்கோ கேட்கவில்லை.
குளிர்பெட்டியில் என் பால் டப்பாவின் மேல்
எட்டு வருடமாகப் பார்க்கிற எழுத்துதான்.

பெட்டிக்கு வெளியே இடமா இல்லை என்று
அன்றைய என்னைக் கேட்டேன்.
அவசரம் என்றாள்.

உரித்து, சுரண்டி, ஸ்பிரிட்டால் துடைத்தேன்.
பதினைந்து. பதினெட்டு. இருபது.
குழாய் முழுக்க ஊதா நின்றது, அசையாமல்.

பதிவேட்டில் 'காரணம்' என்ற கட்டத்தில்
"ஈரப்பதம்" என்று எழுதினேன்.
அடித்துவிட்டு என் பெயரை எழுதினேன்.

பழுது பார்த்தால் மறுசோதனை, விதி.
முதுகு உரித்த புது ஒட்டுத்தாள்
விரல் நுனியில் ஒட்டிக்கொண்டிருக்க
பெட்டியைச் சுற்றி நடக்கிறேன்.