ஒரு நேரத்தில் ஒரு மாறி

விடிய ஐஞ்சு மணிக்கு
விரல் பத்தும் என்ர இல்லை.
தேத்தண்ணிக் கோப்பையின்ர காதுக்குள்ளை
ஒண்டும் நுழையாது.
மடங்க ஐம்பது நிமிசம், சில நாள் எழுபது.
அதைக் கொப்பியிலை எழுதவேணும்;
எழுத விரல் வேணும்.

பெரியாசுப்பத்திரிக் கிளினிக்கிலை
நூற்றிப் பதினேழாம் துண்டோடை இருந்தன்.
"உங்கட உடம்புக்கு உங்களை அடையாளம் தெரியேல்லை"
எண்டார் டொக்டர், றிப்போட்டைப் பாத்தபடி.
எனக்கு அது விளங்காத கதையில்லை.
மழைக்குள்ளை பஸ்ஸாலை இறங்கி நடந்து
ஐ.சி.யை நீட்டின ஊர்க்காரி நான்.
இப்ப காவலரண் மணிக்கட்டிலை.
கேக்கிறதும் நான், காட்டுறதும் நான்,
அட்டையில் இருக்கிற முகத்தை
நம்பாததும் நான்.

ஸ்காபரோவிலை இருந்து ரஞ்சிதமலர் எடுத்தாள்:
"கோதுமையை விடு. சோயாவை விடு.
அரிசியையும் ஒருக்கா விட்டுப் பார்.
இஞ்சை ஒருத்தி விட்டிட்டு இப்ப ஓடுறாள்."
எங்கை ஓடுறாள் எண்டு நான் கேக்கேல்லை.

டொக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழட்டினார்.
"கோதுமை ஆகாத குடல் வருத்தம் ஒண்டு இருக்கு,
அதுக்கு இரத்தம் எடுத்துப் பாப்பம்.
உங்கட மூட்டுக்கு, உறுதியாய்ச் சொல்ல ஏலாது.
சிலருக்குக் குறையுது எண்டினம். சிலருக்கு இல்லை.
திங்கட்கிழமைக் குளிசையை மட்டும் விடாதையுங்கோ."
நூற்றிப் பதினெட்டு எழும்பி நிண்டுது.

விட்டன்.
பாண், ரொட்டி, மா கலந்த புட்டு,
ஞாயிறு இறைச்சி இல்லாத வீட்டுக்கு இறைச்சியான
சோயா மீற்.
மரவள்ளியும் ஒடியல் மாவும் முருங்கையிலையும்
மாறி மாறி மேசைக்கு வந்துது.
குகதாசன் ஒண்டும் சொல்லேல்லை.
சந்தியிலை கொத்துத் திண்டு
வாயைக் கொப்பளிச்சுப்போட்டு வருவார்.
சட்டை மணக்கும்.

ஒரு இரவு மட்டும் நித்திரை வரேல்லை.
தொண்ணூற்றி ஐஞ்சு ஐப்பசி, மிருசுவில் பள்ளிக்கூடம்,
பூச்சியை அரிச்செடுத்த நிவாரண மா.
பிறகு, மகள் வயித்திலை இருக்கேக்கை
மருத்துவிச்சி தந்த திரிபோஷா,
சோளமும் சோயாவும், சீனி போட்டு உருட்டினது.
ரெண்டு உயிரைப் பிடிச்சு வைச்ச மாவை
எந்தக் கையாலை
எதிரி எண்டு எழுதுறது?

ஆறாம் கிழமை
ஐம்பது நிமிசம் இருபதாச்சு.
ரஞ்சிதமலருக்கு வொய்ஸ் போட்டன்.
வெண்டவள் மாதிரிச் சிரிச்சாள்.

உரும்பிராய் ரியூசனிலை, செய்முறைக் கொப்பிக் கட்டுக்குள்ளை
என்ர கொப்பியும் போயிட்டுது.
கிருத்திகன் எடுத்து நிமிர்ந்தான்:
"ரீச்சர், இது ஆற்றை பரிசோதனை?
குளிசை தொடங்கினது மூண்டாம் திகதி.
பாண் விட்டது ஐஞ்சாம் திகதி.
ரெண்டு மாறியை ஒண்டாய் மாத்தினா
புள்ளி இல்லை எண்டு நீங்கள்தானே..."
வகுப்புச் சிரிச்சுது.
நான் பலகைப் பக்கம் திரும்பினன்.
வெண்கட்டி விரலுக்குள்ளை நிண்டுது. முறியேல்லை.
ஆர் பிடிச்சு வைச்சிருக்கினம்?
குளிசையோ, மரவள்ளியோ,
இல்லாட்டி வெயில் வந்த மாசியோ?

பின்னேரம் பாண் ஓட்டோ
அதே பாட்டை இழுத்துக்கொண்டு ஒழுங்கைக்குள்ளை வந்துது.
மறிச்சன்.
அரை றாத்தல், இன்னும் சூடு.
குகதாசன் கதவடியில் நிண்டு
களவு பிடிபட்டவர் போலை பாத்தார்.

கொப்பியில் எழுதினன்:
மாறி, பாண். மாறாதது, குளிசை.
மூண்டு நாள் பொறுக்கவேணும்.
சோயாவுக்கு அடுத்த மாதம்.
நேரம், அளவு, வலி பத்துக்கு எத்தினை,
எல்லாத்துக்கும் நிரல் போட்டுக் கிடக்கு.
அடிப்பாண் கருகல்
சம்பலோடை பல்லிலை நொறுங்கினதுக்கு
ஒரு நிரலும் இல்லை.
ஓரத்தில்,
பென்சிலாலை,
கோணலாய் எழுதினன்.