ஹீட்டரை அணைக்காதே

என் வேலை காரில் காத்திருப்பது.
ஹீட்டரை அணைக்காதே என்றிருந்தான் தானெல்.
தார்த்துவில் அன்று மைனஸ் பத்தொன்பது.

ஆறு வாரம் ஒத்திகை.
பாசிகளைச் செப்புத்தகட்டில் கீறி அச்சிட்ட
பெரிய புத்தகம் ஒன்று,
கூடவே உள்ளங்கை அகலத்தில் ஒரு படகோட்டியின் சித்திரம்.
கதவின் அகலம், காவலாளி காபிக்குப் போகும் நேரம்,
படிகள் முப்பத்திநான்கு
எல்லாம் கைசாவின் நோட்டில் இருந்தன.
எடைக்கு
உருளைக்கிழங்கு மூட்டையைத் தூக்கிப் பார்த்தோம்.
மூட்டைக்கு வளைந்துகொடுக்கத் தெரியும்.

முடிச்சுப் போட தானெல் பழகியது
சமையலறை நாற்காலியின் காலில்.
நாற்காலிக் காலுக்கு நாடி இல்லை.
நூலகர் ஆய்லியின் மணிக்கட்டைத் தொட்டதும்
விரல்கள் பாடத்தை மறந்துவிட்டன.
கைசாவின் சால்வையைச் சும்மா சுற்றினான்,
காயத்துக்குக் கட்டுப்போடுகிறவன் மாதிரி.
மன்னிக்கணும் என்றானாம், மூன்று தடவை.
அரசு வழக்கறிஞர் மூன்றையும் எண்ணிச் சொன்னார்.

கைசா புத்தகத்தை இழுத்தபோது
தரையிலிருந்து ஆய்லி கத்தினாராம்:
முதுகைப் பிடிக்காதே, அடியில் கை கொடு!
ஆள் கூப்பிட வைத்திருந்த மூச்சை
அதற்குச் செலவழித்தார்.
கைசா அடியில் கை கொடுத்தாள்.

பை இரண்டு விரற்கடை சின்னது.

ஏரிக்கரையில் தானெலின் மாமா வீடு.
குளிர்காலத்தில் பூட்டிக் கிடக்கும்.
அடுப்பு இருந்தது சௌனா அறையில் மட்டும்.
பற்றவைத்தோம்.
கல்லில் யாரும் தண்ணீர் ஊற்றவில்லை, சத்தியமாக.
ஆனாலும் எங்கள் கோட்டுகளில் பனி இருந்தது,
மூன்று பேரின் மூச்சு இருந்தது.
விடியும்போது தாள்கள் மெல்ல எழும்பின,
இருநூற்றெண்பது வருடம் அச்சில் படுத்திருந்த பாசி
ஈரம் கண்டு விழித்துக்கொண்டதுபோல.
கைசா அழுதாள்.
தானெல் ஜன்னலைத் திறந்தான்,
பிறகு மூடினான்,
பிறகு திறந்தான்.

விலை கேட்டு ஹாம்பர்க் கடைக்கு அவன் எழுதியிருந்தான்,
சொந்தப் பெயரில், சொந்த மின்னஞ்சலில்,
கீழே ‘அன்புடன்’ என்றுகூடப் போட்டு.
பதில் வரவில்லை. போலீஸ் வந்தது.

கையும் களவுமாக என்பார்கள்.
அவர்களிடம் கையும் இருந்தது, களவும் இருந்தது.
நான் எதையும் தொடவில்லை,
ஸ்டியரிங்கை மட்டும்தான் தொட்டேன் என்று
வாக்குமூலம் கொடுத்தேன்.
கோட்டைக் கழற்றச் சொன்னார்கள்.
உள்பாக்கெட்டில் பார்க்கிங் சீட்டோடு
இரண்டாக மடிந்திருந்தான் படகோட்டி.
யார் கொடுத்தது, எப்போது வாங்கிச் செருகினேன்,
இன்றுவரை நினைவில்லை.

புத்தகத்தை ஒருவழியாக அழுத்தி எடுத்துவிட்டார்களாம்.
சித்திரத்தில் கோடு போகவில்லை.
சரியாகத் துடுப்பின் மேலே விழுந்திருக்கிறதாம்.