ஒரு கிண்ணம் தண்ணீர் உறையும்வரை

நாலடி ஐஸ் பெட்டி.
மூன்று வருஷம் கறிப்பாப் அடுக்கிய வயிறு.
மூடியோரத் துரு தெரியும்படியே படம் எடுத்தேன்.
எண்ணூற்றைம்பது வெள்ளி, பேசலாம்.
ஜெலுத்தோங், பதினோராவது மாடி,
லிஃப்ட் பத்தில்தான் நிற்கும்.
எல்லாம் எழுதினேன்,
வியாபாரம் ஏன் நின்றது என்பதைத் தவிர.

ஏழாவது நிமிஷம் வந்தாள் அமுதசுரபி.
முகமிருக்க வேண்டிய வட்டத்தில்
தண்ணீர்மலைத் தேர்.
வணக்கம் கா, என்றாள்.
கேட்ட விலைக்கே சரி கா, என்றாள்.
அங்கேயே நான் விழித்திருக்க வேண்டும்:
பேரம் பேசாமல் பொருள் வாங்குகிற மனுஷி
இந்தத் தீவில் இன்னும் பிறக்கவில்லை.

கம்ப்ரசர் சத்தம் போடுமா என்று கேட்கவில்லை.
துரு எவ்வளவு என்று கேட்கவில்லை.
என் பேங்க் எண்ணை மட்டும்
இரண்டு தடவை கேட்டாள்.
நம்மவங்கதானே கா.

மறுநாள் ரசீது வந்தது.
பச்சை டிக், மணி, நிமிஷம், வினாடி,
என் பெயர் பெரிய எழுத்தில், பிழையில்லாமல்.
அரசாங்கக் கடிதத்தில்கூட
என் பெயருக்கு ஓர் எழுத்து குறையும்.

லோரி கீழே நிக்குது கா.
டிரைவர் பாவம் கா.
மழை வரப்போகுது கா.
வடை என் வாயில் இருந்தது,
கா கா என்று பாடியதோ அவள்.

கணக்கைத் திறந்தேன்.
நாற்பத்து மூன்று வெள்ளி அறுபது காசு.
திரையை இழுத்துவிட்டேன், வட்டம் சுற்றிச் சுற்றி
நாற்பத்து மூன்று அறுபது.
வேற பேங்க் கா, சாயங்காலம் ஏறும்,
பெட்டிய முதல்ல ஏத்திவிடுங்க.
பிறகு ஒரு லிங்க்:
அழுத்தி கார்டு எண்ணைப் போட்டால்
பணம் உடனே விடுபடுமாம்.

அழுத்தினேன். சொல்லிவிடுகிறேன், அழுத்தினேன்.
பெட்டி கழுவிய சோப்பு ஈரம் விரலில்,
திரை கேட்கவில்லை.
கையைத் துடைக்கப் போன இடத்தில்தான்
புத்தி வந்து நின்றது:
எனக்கு வருகிற பணத்துக்கு
என் பூட்டை ஏன் திறக்க வேண்டும்?

கணக்கில் ஏறட்டும், பெட்டி இறங்கும், என்றேன்.
தேர் மறைந்தது.

கீழே போனேன்.
லோரி நிஜம். அது ஒன்றுதான் நிஜம்.
கூலிமிலிருந்து பாலம் தாண்டி வந்திருந்தான் அஸ்ரி;
கூலியை நான் தருவேன் என்றிருக்கிறாள்.
அவன் போனிலும் அதே எண்,
பெயர் மட்டும் ரொஹானா,
வட்டத்துக்குள் ரோஜாப்பூ.
எனக்குக் கா, அவனுக்கு பாங்.

மாமாக் கடையில் இரண்டு தே தாரிக்.
யார் கொடுப்பது என்று
இருவரும் கொஞ்ச நேரம் சாலையைப் பார்த்தோம்.
நான் ஸ்கேன் செய்தேன்.
முப்பத்தொன்பது வெள்ளி இருபது காசு.
போகிற பணத்துக்குச் சாயங்காலம்வரை பொறுமையில்லை.

சனிக்கிழமை, மகனோடு வந்தார் திருமதி கோர்,
மீன் உருண்டை விற்கிறவர்.
எழுநூறு என்று தொடங்கினார்.
துருவைக் காட்டினார், மாடியைக் காட்டினார்,
தன் முழங்காலைக் காட்டினார்.
எழுநூற்றெண்பதில் நின்றது.
அந்தப் பேரம் எனக்கு எவ்வளவு இனித்தது!

ரப்பர் பேண்ட் போட்ட நோட்டுகள், மீன் வாசனை.
ஒவ்வொன்றையும் விளக்குக்கு நேரே பிடித்தேன்.
வெட்கமாக இருந்தது. நிறுத்தவில்லை.
அவரும் சும்மா இல்லை:
ஒரு கிண்ணம் தண்ணீர் கேட்டு வாங்கி
பெட்டிக்குள் வைத்து, மூடி,
மூடிமேல் கைப்பையையும் வைத்து
எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

எங்களுக்குப் பொதுவாக இருந்தது
கொஞ்சம் சந்தை மலாய்.
அது தீர்ந்த பிறகு கம்ப்ரசர் பேசியது.
ஒரு மணி நேரம்.
கிண்ணத்தின் ஓரத்திலிருந்து
தண்ணீர் மெல்லக் கண்ணாடியானது.
நகத்தால் தட்டிப் பார்த்து
போலே, என்றார்.

இரவு வேறொரு எண்.
வணக்கம், பெட்டி இருக்கா?
வட்டத்தில் பிள்ளையார்.
விரலை எடுத்துக்கொண்டேன்.
மறுபடி எழுதினாள்:
துரு உள்ளேயும் இருக்கா?

விற்றுப்போச்சு, என்றேன்.
கேட்டதற்கு நன்றி என்றும்.