நிபோங் தெபாலில் தண்ணீர்க் கணக்கு

காலை எட்டுக்கே சட்டை முதுகில் ஒட்டிவிடுகிறது.
மழை பெய்யாமலே நனைகிற ஊர்.
ரயில் நிலையத்துப் பக்கம் பசியாறிவிட்டு
மோட்டார் சைக்கிளை உதைக்கிறேன்:
இன்றைக்கு நூற்று நாற்பது மீட்டர்.

கடைத்தெருவில் குனிந்தால் போதும்.
சலவைக் கடைக்கு முள் நிற்பதே இல்லை.
மூடிக் கிடக்கும் பல் வைத்தியர் கடை
மூன்று மாதமாகப் பூஜ்யம்.
கோயில் மீட்டர்
பங்குனியில் ஓடித் தீர்க்கும்,
பிறகு ஆண்டெல்லாம் விரதம்.

செம்பனைக்குள் போகும் மண் சாலையில்
அவை புல்லுக்குள் ஒளியும்.
கம்பால் தட்டிவிட்டுத்தான் கைவைப்பேன்.
போன வருஷம் அஸ்ருல் மூடியைத் திறந்தான்:
கண்ணாடி மேல் சுருண்டு
எண்களை அடைகாத்தபடி ஒரு நாகக் குட்டி.
அந்த வீட்டுக்கு அந்த மாதம்
உத்தேசக் கணக்கு.

சுங்கை உடாங் வந்தால் காற்றில் உப்பு.
இறாலின் பேரில் ஓர் ஊர்.
ஓதம் ஏறும் நாளில் வாசற்படிவரை
சேறு வந்து விசாரித்துவிட்டுப் போகும்.
இங்கே மீட்டரைத் துரு தின்கிறது,
எச்சில் தொட்டுத் துடைத்தால்தான்
எண் முகம் காட்டும்.

கடைசி வீடு பெங் ஹுவாட்டுடையது.
மகள் ஜொகூருக்கு அழைத்துப் போய்விட்டாள்,
பூட்டுக்கு மேல் பூட்டு.
அப்படியும் சிவப்பு முள் நடக்கிறது,
அவசரமில்லாமல்,
செருப்பைத் தேய்த்து நடப்பவர் மாதிரி.
நான்கு மாதமாக நானும் பார்க்கிறேன்:
மூன்று. மூன்று. நான்கு. மூன்று.

கையிலுள்ள கருவி குறியீடு கேட்கிறது.
நாய் என்றால் ஒன்று,
பூட்டு என்றால் இரண்டு,
கசிவு என்றால் ஐந்து.
ஐந்தை அழுத்தினால் நாளைக்கே லோரி வரும்,
மண்ணைத் தோண்டி மூச்சை அடைத்துவிடுவார்கள்.

பின்பக்கம் போனேன்.
குழாய்க்கு அடியில் பெயிண்ட் வாளி.
சோப்புத் துண்டு. மீன்செதிள்.
கண்டல் கிளையில் காய்கிற சட்டை
என் உள்ளங்கை அகலம்தான்.
சேற்றில் காலடிகள்,
படகுகள் ஒதுங்கும் பக்கமாகவே
வந்தும் போயும்.

மூன்று யூனிட்.
குறைந்தபட்சக் கட்டணத்துக்குள் அடங்கும்,
ஜொகூரில் யாருக்கும் ஒரு காசு கூடாது.
இதை நான் எனக்கே
இரண்டு தரம் சொல்லிக்கொண்டேன்.

அப்போதுதான் பலகைச் சுவருக்குப் பின்னால்
எதுவோ குரைத்தது.
குரைக்கத் தெரியாத குரல்,
நடுவில் இருமியது,
யாரோ வாயைப் பொத்தினார்கள்,
பொத்திய விரலிடுக்கில் இன்னொரு முறை
லொள்.

ஒன்றை அழுத்தினேன்.
கருவி ஏற்றுக்கொண்டு
நீளமாய் ஒரு சீட்டு துப்பியது.

வேலிப்படலைச் சாத்தும்போது
கொஞ்சம் சத்தமாகவே சாத்தினேன்,
பயந்துபோனவன் சாத்துகிற மாதிரி.