பிப்ரவரியில் நீல விரல்கள்

லாப்பென்ரான்டா, மாலை நான்கரை, இருட்டிவிட்டது.
பாலுக்குச் சில்லறை நீட்டிய டெல்லர்வோவின் கையைப் பார்த்துக்
கடைக்காரப் பெண் கேட்டாள்:
"இந்தப் பனியில் ஏது அவுரிநெல்லி?"
"நெல்லி இல்லை. பிர்ச் மரம்."
அவள் சிரித்தாள்.
பகடி என்று எடுத்துக்கொண்டிருப்பாள்.

மரத்தைக் கூழாக்கிப்
பிரித்தெடுத்த மாவு அது, சைலான் என்று பெயர்.
சர்க்கரைதான். நாக்கில் வைத்தால் இனிக்காது.
நொதி அதைக் கடிக்கிறதா
முகர்ந்துவிட்டுப் போகிறதா
கண்ணுக்குத் தெரியாது.
ஆகவே சங்கிலியின் சில கண்ணிகளில்
நீலத்தைக் கட்டிவிடுகிறோம்.
மேய்ச்சலுக்கு மணி கட்டுகிற வேலை;
இங்கே மணி மாட்டுக்கு இல்லை,
புல்லுக்கு.

ஐம்பது டிகிரித் தொட்டியில் பத்து நிமிடம்.
எத்தனால் ஊற்றிச் சுழற்றினால்
முழுசாய் இருப்பவை அடியில் உட்காரும்.
அறுபட்ட துண்டுகள் மேலே நிற்கும், நீலமாக.
எத்தனை நீலமோ அத்தனை வெட்டு.

வியாழக்கிழமை
நொதியே விடாத குழாயும் நீலமாக நின்றது.
பல் படாமல் ஒரு கடி.

காகித ஆலையிலிருந்து இல்போ கத்தினான்:
"நாளைக்கு எண் வேண்டும்.
அந்தக் குழாயைக் கழித்துவிட்டு அனுப்பு!"
"கழிக்கலாம்" என்றாள் டெல்லர்வோ,
தொலைபேசியை வைத்தபின்,
சுவரிடம்.

புட்டியை எடுத்தாள்.
மூடியில் இருந்த தேதியை வாசித்தாள்: திங்கள்.
கையெழுத்து என்னுடையது.
கடைசி இரண்டு அலசலை
ஐந்தரைப் பேருந்துக்காக நான் விட்டிருந்தேன்.
ஒட்டாமல் தங்கிய சாயம்
யாரும் வெட்டாமலே மேலே வந்து
சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது.

அவள் கேட்கவில்லை.
நான் தராசின் கண்ணாடியைத் துடைத்தேன்,
துடைத்த கண்ணாடியையே மறுபடியும்.

எத்தனால், கலக்கு, வடி.
எத்தனால், கலக்கு, வடி.
மூன்றாம் சுற்றில் கையுறை கிழிந்தது.
நிறுத்தவில்லை.
ஏழாவது வடிநீரைச் சன்னலுக்கு நேரே பிடித்தாள்:
அதன் வழியே ஏரியின் உறைபனி
வெள்ளையாகவே தெரிந்தது.

மறுநாள் அந்தக் குழாயில் ஒன்றும் இல்லை.
ஒன்றும் இல்லாததை
நோட்டில் மூன்று தசமம்வரை எழுதினாள்.

கடையில், வரிசையில்,
அவளுக்கு அடுத்து நின்றது நான்.
கம்பு ரொட்டி ஒன்று, வெண்ணெய் ஒன்று.
காசு கொடுக்கையில் கடைக்காரப் பெண்
என் கையைப் பார்க்கக்கூட இல்லை.
அவ்வளவு சுத்தமாக இருந்தது.